செம்பில் களிம்பு

செப்புக் குழாயை நான்கு மில்லிமீற்றர் கட்டையாக வெட்டிவிட்டேன். கையால் வேலை செய்கிற எவருக்கும் அளவு பிழைக்கும். பிழைத்ததை நான் அன்றைக்கே கண்டேன். கண்டும் பதினான்கு மாதம் ஒருவருக்கும் சொல்லவில்லை. அந்தப் பதினான்கு மாதக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடு லண்டனின் வடமேற்கே ஹரோவில் இருக்கிறது. 1930களில் அந்தப் பகுதியில் வரிசை வரிசையாக எழுந்த வீடுகளில் ஒன்று. அந்தக் காலத்தில் அறைக்கு அறை கரி அடுப்புத்தான். தண்ணீரைச் சுடவைத்துக் குழாய் வழியே அறைகளுக்கு அனுப்பும் முறை பிற்பாடு வந்து சேர்ந்தது. சமையலறைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்கு மட்டும் அது போய்ச் சேரவில்லை. பழைய சூட்கேசுகளும் அரிசி மூட்டையும் வைக்கிற அறைக்கு எதற்குச் சூடு என்று முன்பிருந்தவர்களைப் போலவே நாங்களும் விட்டிருந்தோம்.

2021இல் அப்பா இறந்தபின் அம்மா எங்களிடம் வந்தார். எழுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் மடங்காது. மாடிப்படி ஏற முடியாதவருக்கு அந்தப் பின்னறை ஒன்றுதான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மார்கழி வாடைக்கே காதைத் துணியால் மூடிக்கொள்பவர் அவர். ஒக்டோபர் பிறந்ததும் அந்த அறைக்கு ஒரு றேடியேற்றர் பூட்டவேண்டும் என்று முடிவாயிற்று. வீட்டில் நாங்கள் அதை ஹீற்றர் என்றே சொல்வோம்.

வந்து பார்த்த பிளம்பர் 380 பவுண் கேட்டார். நியாயமான கூலி என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு அது அவமானமாகப் பட்டது.

இதற்குக் காரணம் உண்டு; காரணம் சொல்வதால் குற்றம் குறையாது என்பதும் தெரியும். சுன்னாகத்தில் அப்பா வோட்டர் பம்ப் திருத்துகிற பட்டறை வைத்திருந்தார். புகையிலைத் தோட்டத்துக்கும் வெங்காயப் பாத்திக்கும் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற மெசின்கள் எங்கள் முற்றத்தில் பிரிந்து கிடக்கும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை வந்தபோது உதிரிப்பாகம் ஒன்றும் குடாநாட்டுக்குள் வரவில்லை. சைக்கிள் ரியூப்பை வெட்டி வாசர் செய்தோம். இரண்டு துளி பெற்றோலில் உயிர்கொடுத்து மண்ணெண்ணெயில் மெசினை ஓடவிட்டோம். அப்பாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஸ்பனர் எடுத்துக் கொடுத்த பையன் நான். இல்லாமையிலேயே எல்லாவற்றையும் ஓடவைத்தவர்களுக்கு ஒரு இரும்புத் தகட்டைச் சுவரில் மாட்டத் தெரியாதா என்ற எண்ணம் எனக்குள் ஊறிப்போயிருந்தது.

"ஆக்களைக் கூப்பிடுவமப்பா" என்றாள் மனைவி.

"குழாயிலை தண்ணி ஓடப்போகுது. இதுக்கு ஒரு ஆளே? நான் செய்வன்."

சட்டமும் எனக்குக் குறுக்கே நிற்கவில்லை. இங்கே எரிவாயுவில் கைவைக்க கேஸ் சேஃப் பதிவு வேண்டும். பொயிலருக்கு வெளியே தண்ணீர் ஓடுகிற குழாயை வீட்டுக்காரரே தொடலாம்.

வேலையின் பெரும்பகுதியை நன்றாகவே செய்தேன். அறையின் நீள அகலம், யன்னல், வெளிச்சுவர் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்து 60 சென்ரிமீற்றர் உயரமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட இரட்டைத் தகட்டு ஹீற்றரை வாங்கினேன். ஏறத்தாழ 1,700 வாட் சூடு தருவது. சுவரில் மட்டம் பார்த்துத் துளையிட்டுக் கொளுவிகளைப் பூட்டினேன். தரைப்பலகையைக் கிளப்பி, சமையலறைக்குக் கீழே ஓடும் குழாய்களிலிருந்து இரண்டு கிளை எடுத்தேன்: ஒன்று சூட்டு நீர் வர, ஒன்று ஆறிய நீர் திரும்ப. ஒரு பக்கம் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்ரற் வால்வு. மறுபக்கம் லொக்ஷீல்ட் என்கிற மூடிபோட்ட வால்வு. பொயிலருக்குக் கிட்ட உள்ள ஹீற்றரே சூட்டு நீரையெல்லாம் குடித்துவிடாமல் எல்லா அறைக்கும் பங்குவைக்க அதைத் திருகி அளவுபடுத்துவார்கள்.

அந்த லொக்ஷீல்ட் வால்வுக்குக் கீழேதான் குழாய் கட்டையாயிற்று. 15 மில்லிமீற்றர் குழாய் வால்வின் வாய்க்குள் அடிமுட்டும்வரை போகவேண்டும். நட்டை இறுக்கும்போது உள்ளே இருக்கும் பித்தளை வளையம் நெரிந்து குழாயைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். ஒலிவ் என்பார்கள் அந்த வளையத்தை. கையால் இறுக்கியபின் ஸ்பனரால் ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றேகால். என் குழாய் அடிமுட்டவில்லை. வெட்டும் சற்றுச் சாய்ந்திருந்தது. சரியாகச் செய்வதென்றால் கழற்றி, புதுக் குழாய்த்துண்டு வெட்டி, புது ஒலிவ் போட்டிருக்கவேண்டும். இரவு ஏழு மணி. கையிருப்புக் குழாய் முடிந்திருந்தது. பிடிக்கும் என்று இறுக்கினேன்.

இன்னொன்றும் செய்யாமல் விட்டேன். புதுக் கிளை எடுப்பதற்காக வீட்டின் குழாய்களில் இருந்த தண்ணீர் முழுவதையும் தோட்டத்தில் வடித்திருந்தேன். மூடிய குழாய்க்குள் சுற்றுகிற நீர் வருடக்கணக்காக அதே நீர்தான். அதில் இருந்த ஒட்சிசன் முதல் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு துருப்பிடிக்க வழி குறைவு. புது நீர் விட்டால் கூடவே இன்ஹிபிற்றர் என்கிற துருத்தடுப்பு மருந்தையும் ஊற்றவேண்டும். ஒரு லீற்றர் போத்தல் ஒன்று எங்கள் வீட்டளவுக்குப் போதும். கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். விற்பனைக்காகச் சொல்கிற கதை என்று எண்ணித் திருப்பி வைத்துவிட்டு வந்தேன்.

பொயிலரைப் போட்டதும் குழாய்கள் கிணுகிணுத்தன. சாவியால் ஹீற்றரின் மேல்மூலையைத் திறந்து காற்றை வெளியே விட்டேன். தகடு கீழிருந்து மேலாகச் சூடேறியது. அம்மா உள்ளங்கையை அதில் வைத்துக்கொண்டு, "அப்பா இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்" என்றார்.

அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு படுக்கப் போனேன். நடுச்சாமத்தில் எழும்பி வந்து, ரோர்ச் அடித்து, ஒவ்வொரு நட்டைச் சுற்றியும் கடதாசி ரிசுவால் ஒற்றிப் பார்த்தேன். மூன்று காய்ந்திருந்தன. நாலாவதில் ரிசு நனைந்தது. ஸ்பனரை எடுத்து இன்னும் அரைச் சுற்று இறுக்கினேன். நெரியவேண்டிய அளவுக்கு மேல் ஒலிவ் நெரிந்தால் பிடி தளரும் என்பது எனக்குத் தெரியும். அப்பாவின் பட்டறையில் எத்தனை தரம் கேட்ட பாடம். இருந்தும் இறுக்கினேன். பொயிலர் ஓடியதால் குழாய் சூட்டில் விரிந்திருந்தது, துளி நின்றது. நின்றுவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காலையில் மனைவி கேட்டாள். "ஒழுக்கு கிழுக்கு ஒண்டும் இல்லைத்தானே?"

"ஒரு சொட்டுக்கூட இல்லை."

முதற்பொய் அது. அதைச் சொன்ன பிறகு ஒழுக்கைத் திருத்தும் வேலை இரண்டு மடங்காகிவிட்டது. குழாயைத் திருத்தவேண்டும், சொன்னதையும் திருத்தவேண்டும். குழாயை அரைநாளில் திருத்தியிருப்பேன்.

பொயிலரின் அடியில் அமுக்கத்தைக் காட்டும் சின்ன முள் ஒன்று உண்டு. குளிர்ந்திருக்கும்போது அது ஒன்றுக்கும் ஒன்றரை பாருக்கும் இடையில் நிற்கவேண்டும். மூன்று கிழமையில் அது ஒன்றுக்குக் கீழே இறங்கியது. கீழே ஒரு பின்னல் குழாயும் இரண்டு சிறு திருகுகளும் உண்டு. திறந்தால் தெருக்குழாய் நீர் உள்ளே பாய்ந்து முள் ஏறும். வீட்டார் நித்திரையான பிறகு திறந்தேன். பிறகு இரண்டு கிழமைக்கொருதரம். அடுத்த கோடைக்குப் பிறகு கிழமைக்கொருதரம். மனைவி இரண்டுதரம் பொயிலர் நின்றிருக்கக் கண்டு, "ஏனப்பா இது இப்பிடி நிக்குது?" என்று கேட்டாள். வீடு பழசு, முன்பிருந்தவர்கள் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றேன். ஒருதரம்கூட முகம் பார்த்திராத மனிதர்கள்மேல் பழியைப் போட்டேன்.

நான் திறந்த ஒவ்வொரு தரமும் புது நீரோடு புது ஒட்சிசனும் உள்ளே போனது. ஹீற்றர்கள் எல்லாம் உருக்குத் தகடு. தடுப்பு மருந்தும் இல்லை. உள்ளே துரு கறுப்பு இரும்பொட்சைட்டாக விளைந்து, மாவாகி, சேறாகி அடியில் படிந்தது. லண்டன் நீர் சுண்ணக்கல் நிலத்து நீர். அது விட்ட சுண்ணமும் சேர்ந்தது. 2022 புரட்டாதியில் கூடத்து ஹீற்றரின் மேல்பாதி சுட்டது, கீழ்ப்பாதி சில்லென்று இருந்தது. காற்று அடைத்தால் மேலே குளிரும், சேறு அடைத்தால் கீழே குளிரும். அந்த வித்தியாசம் தெரிந்த நான், மனைவி பார்க்கச் சாவியை எடுத்து மேல்மூலையைத் திறந்து காற்று விடுவதுபோல் நடித்தேன். துளித்துளியாகச் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் கைவேலையாகவே நடந்த பொய். இதை எழுதும்போது இன்னமும் கை கூசுகிறது.

அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழும் சைவசமயமும் படிப்பித்தவர். ஹீற்றர் பூட்டிய அடுத்த மாதமே ஒருநாள், "தம்பி, உந்தக் குழாயடியிலை களிம்பு பிடிக்குது" என்றார். பார்த்தேன். நட்டின் கீழே பச்சையாக ஒரு வளையம். செம்பும் பித்தளையும் ஈரத்தில் கிடந்தால் வருவது. "செம்பு எண்டா அப்பிடித்தானம்மா" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஓம், செம்பு அப்பிடித்தான்" என்றார்.

நாவலரின் சைவ வினாவிடையைப் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல் வெறும் துருவைக் குறிக்காது. உயிரோடு ஒட்டிக்கிடக்கும் ஆணவ மலத்துக்கு உவமை செம்பில் களிம்பு. எனக்கும் அதை வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். அன்றைக்கு அவர் எதை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இன்றும் இல்லை.

அதன்பிறகு களிம்பை நான் காணவில்லை. ஒழுக்குத் தானாகவே அடைபட்டுவிட்டதோ என்றுகூட ஆசைப்பட்டேன். முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

2022 டிசம்பர் 11, ஞாயிறு இரவு லண்டனில் பனி கொட்டியது. திங்கள் விடியப் பொயிலர் எரிந்து, இரண்டு நிமிடத்தில் நின்று, மறுபடி எரிந்து, பிறகு எரியவே இல்லை. ஊர் முழுவதும் அன்று அதே கதை. செவ்வாய் பின்னேரம்தான் ஆள் வரமுடியும் என்றார்கள். எண்ணெய் அடைத்த மின்ஹீற்றர் ஒன்று இருந்தது. அம்மாவின் அறையில் வைத்தேன். அந்த ஒக்டோபரில்தான் சாதாரண வீடொன்றின் எரிபொருள் செலவு வருடத்துக்கு 2,500 பவுண் என்று அரசு உச்சம் வைத்திருந்தது. அதை வைத்து நான் வீட்டில் புலம்பியிருந்தேன், அம்மா கேட்டிருந்தார். இரவு எங்களுக்குத் தெரியாமல் சுவிற்சை நிறுத்திவிட்டுப் படுத்திருக்கிறார். காலையில் அவர் அறையின் வெப்பமானி 9 பாகை காட்டியது. குளிர்காலத்தில் வீட்டுக்குள் 18 பாகையாவது இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் சொல்லியிருக்கிறது. முதியவர்களுக்கு இன்னும் கூட வேண்டியிருக்கலாம்.

செவ்வாய் வந்தவர் கெட்டிக்காரர். பொயிலரின் பம்பைக் கழற்றி வெள்ளைக் கோப்பை ஒன்றில் கவிழ்த்தார். தார்போலக் கறுத்த நீர். காந்தத்தை அருகே கொண்டுபோனார், சேறு முள்ளாக எழுந்து ஒட்டிக்கொண்டது. பம்ப் இறுகிவிட்டது, புதுப்பம்ப் தன் வானில் இருக்கிறது, ஒரு மணித்தியால வேலை என்றார். பிறகு கேட்டார்: அடிக்கடி தண்ணீர் விட்டீர்களா? வீட்டில் எங்காவது ஒழுக்கு உண்டா?

மனைவி மருந்துக்கடை வேலைக்குப் போயிருந்தாள். அம்மா மட்டும் இரண்டு போர்வைக்குள் கதிரையில் இருந்தார். எனக்கும் அந்த மனிதருக்கும் முன்பின் தெரியாது, இனிச் சந்திக்கப்போவதும் இல்லை. ஓம் என்று சொல்வதில் எனக்கு என்ன நட்டம்? இன்றைக்கும் எனக்கு விளங்காத இடம் இதுதான்.

"இல்லை" என்றேன்.

அவர் யோசித்தார். தண்ணீர் குறைகிறது, வெளியே எங்கும் ஒழுகவில்லை என்றால் பொயிலரின் உள்ளே, நெருப்பிலிருந்து நீருக்குச் சூட்டை மாற்றும் பகுதியில் வெடிப்பு இருக்கவேண்டும். அப்படியென்றால் இப்போது புதுப்பம்பைப் போட்டுப் பயனில்லை, அந்தப் பகுதியைத் தருவித்துக்கொண்டு வியாழன் வருகிறேன் என்றார். சொன்னதை நம்பி, சரியாகவே முடிவெடுத்தார். ஒரு மணித்தியாலத்தில் சூடேறியிருக்கவேண்டிய வீட்டை என் ஒரு சொல் இன்னும் இரண்டு இரவு குளிரில் போட்டது.

அவர் போன பிறகு அம்மா மெல்ல எழும்பித் தன் அறைக்குள் போனார். ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். பாதிக்கு மேல் தண்ணீர்.

"இது இண்டைக்கு விடியப்புறம் தொட்டு வந்தது" என்றார். "முந்தி ரெண்டு நாளைக்கு ஒருக்கால் ஊத்துவன். இப்ப நாளுக்கு ரெண்டு தரம்."

எனக்கு வாய் எழவில்லை.

"வெள்ளிக்கிழமையிலை விளக்கு மினுக்கேக்கை மிஞ்சிற பழப்புளியாலை அந்த நட்டையும் தேச்சுவிடுவன். ஆரும் கண்டா உனக்குக் குறைவெல்லே."

பதினான்கு மாதம். மடங்காத முழங்காலோடு தரையில் இருந்து, என் குற்றத்தைப் புளிபோட்டுத் துலக்கி, பெட்டியை ஹீற்றருக்குப் பின்னால் சுவர்க்கரையில் ஒளித்து வைத்திருக்கிறார். நான் பொய் சொன்னேன் என்று அவருக்கு முதல் மாதமே தெரியும். நான் செய்தேன் என்று ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொல்லிப் பெருமைப்பட்ட ஹீற்றர் அது. பிள்ளையின் பெருமையைக் காப்பாற்ற அவர் ஈரத்தோடு குடியிருந்தார். தரைவிரிப்பைக் கிளப்பிப் பார்த்தேன். பலகை கறுத்துப் பஞ்சாக இருந்தது. அந்த அறைக்குள் வந்தால் மணக்கும் புழுங்கல் மணத்தை, வயதானவர்களின் அறை என்று நான் நினைத்திருந்தேன்.

அப்போதாவது தொலைபேசியை எடுத்தேனா என்றால் இல்லை. என்ன சொல்வது, எப்படித் தொடங்குவது என்று இரவு முழுவதும் வசனம் ஒத்திகை பார்த்தேன். புதன் மத்தியானம்தான் அழைத்தேன். ஒழுக்கு இருக்கிறது, எனக்கு முதலே தெரியும் என்றேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, வியாழனுக்கு முன் வர நேரமில்லை, தருவித்த பகுதியைத் திருப்பியனுப்ப ஒரு தொகை ஆகும் என்றார். சரி என்றேன். முதல்நாளே அழைத்திருந்தால் புதனாவது வந்திருப்பார்.

வியாழன் வந்தவர் என்னை ஒரு சொல் பேசவில்லை. நட்டைக் கழற்றி, நசுங்கிப்போன ஒலிவை வெட்டி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். புதுக் குழாய்த்துண்டு, புது ஒலிவ், கையிறுக்கத்துக்கு மேல் ஒன்றேகால் சுற்று. நாற்பது நிமிடம் ஆகவில்லை. பிறகு பம்ப். பிறகு வீட்டுக் குழாய்கள் முழுவதையும் கழுவி, திரும்பும் குழாயில் துருவைப் பிடிக்கும் காந்த வடி ஒன்றைப் பூட்டி, இன்ஹிபிற்றர் போத்தலைத் திறந்து ஊற்றினார். கடையில் நான் திருப்பி வைத்த அதே நீலப் போத்தல். எல்லாமாக ஆயிரம் பவுணுக்கு மேல்.

அம்மாவுக்கு இருமல் பிடித்தது. மருத்துவர் மருந்து தந்தார், சளி நெஞ்சுக்கு இறங்கவில்லை என்றார். தைப்பொங்கல் வரைக்கும் இரவில் அந்த இருமல் சுவரைத் தாண்டிக் கேட்டது. நான் எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். அவர் சுகமாகிவிட்டார். அதனால் என் கணக்குக் குறையவில்லை. எழுபத்தேழு வயதில் மூன்று இரவு அப்படிக் கிடந்தவர் எழும்பாமலும் போயிருக்கலாம்.

அந்த வியாழன் மாலை மனைவி வேலையால் வந்து சூட்டைக் கண்டு மகிழ்ந்தாள். "என்னவாம் பிழை?" என்றாள். "பம்ப் பழசாம்" என்றேன். அம்மா குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கரண்டிச் சத்தம் ஒருகணம் நின்று, பிறகு தொடர்ந்தது. ஒழுக்கை அடைத்த அதே நாளில் மறுபடியும் ஒன்றைத் திறந்து விட்டேன். பலகை மாற்றிய செலவுக்கு வேறொரு கதை சொன்னேன்.

இதை எழுதி முடித்ததும் முதலில் அவளிடம்தான் கொடுத்தேன். சமையலறை மேசையில் இருந்து, ஒரு பக்கத்தையும் விடாமல் வாசித்தாள். அம்மாவின் ஐஸ்கிறீம் பெட்டி வருகிற இடத்தில் நிறுத்தி, கண்ணைத் துடைத்து, திரும்ப மேலிருந்து வாசித்தாள். முடித்ததும் தாள்களை அடுக்கி வைத்தாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய் பொயிலர் அலுமாரியைத் திறந்து, குனிந்து முள்ளைப் பார்த்தாள். ஒன்றரையில் நின்றது. ஒரு கடதாசி ரிசுவை உருவி எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குள் போனாள்.